சிதம்பரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி

ஒவ்வொரு ஜூலையிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலை நகருக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது "அக்கா, இங்க எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்றுதான். 2024-ல் மொழியியல் எம்.ஏ. சேர வந்தபோது நானும் கேட்டேன். கேட்ட எல்லோரும் நல்ல மனதோடுதான் பதில் சொன்னார்கள். எங்கே பரோட்டாவுக்குச் சால்னா தாராளமாக ஊற்றுவார்கள், எந்த மெஸ்ஸில் மீன் குழம்பு வெள்ளிக்கிழமைகூடக் கிடைக்கும், எங்கே 60 ரூபாய்க்கு வயிறு நிறையும், எல்லாம் சொன்னார்கள். எல்லாமே ருசியும் விலையும். வேறு எதுவும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அதற்கு நான் கொடுத்தது ஏறத்தாழ 22,000 ரூபாய், 38 நாள், முதல் செமஸ்டரில் எழுதாமல் போன இரண்டு பேப்பர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். பிரியாணிக்குப் பேர்போன ஊரிலிருந்து வருகிற திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது, நல்ல சாப்பாட்டை நாக்கில் வைத்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சேர்ந்ததே தாமதம், அதனால் ஹாஸ்டலுக்கும் நேரத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. மாரியப்பா நகரில் ஒரு வீட்டு மாடியில் தனி அறை எடுத்தேன். சமையல் கூடாது, வெந்நீர் கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்கார அம்மா. சரி, வெளியில் சாப்பிட்டுக்கொள்ளலாம், ஊரே மாணவர்களை நம்பி இருக்கிற ஊர்தானே என்று தலையாட்டிவிட்டேன். அறை பார்க்கப் போகிறவர்கள் வாடகைக்கும் முன்னால் பேச வேண்டியது இதைத்தான். ஒரு இண்டக்‌ஷன் அடுப்புக்கு அனுமதி உண்டா, உண்டென்றால் கரண்டுக்கு மாதம் எவ்வளவு கூடுதல் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் ஜனவரியில் கேட்டபோது 300 ரூபாய் சேர்த்துக் கொடு என்று உடனே ஒத்துக்கொண்டார். ஆகஸ்ட்டிலேயே கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சேர்ந்த முதல் இரண்டு மாதம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் ரயில் பாதையைத் தாண்டி ஊருக்குள் போய், நான்கு தேர் வீதிகளையும் சுற்றி வந்து, ஒரு சின்ன டிபன் கடையில் இட்லியும் கொத்சுவும் சாப்பிடுவேன். கொத்சு என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கத்தரிக்காயை நன்றாக வேகவிட்டு மசித்து, புளி ஊற்றி, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேர்த்து நல்லெண்ணெய் மிதக்கக் கொதிக்க வைப்பார்கள். கோயிலில் நடராஜருக்குச் சம்பா சாதத்தோடு படைப்பது இதைத்தான், கடைகளில் அதோடு சின்ன வெங்காயமும் சேர்ப்பார்கள். சிதம்பரத்துக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் தோழி ஒருத்தி சனிக்கிழமை கூப்பிடுவாள், அங்கே போய் நண்டு சாப்பிடுவோம். இந்த ஊர்ச் சாப்பாடு மோசம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தினமும் ஊருக்குள் போய்வர முடியாது என்பதால் ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தேன். மூன்று வேளைக்கும் சேர்த்து 3,200 ரூபாய், முன்பணமாகக் கட்ட வேண்டும், அதுபோக 1,000 ரூபாய் டெபாசிட். நடத்தினவர் பேச்சு இனிமையாக இருக்கும். "தங்கச்சி, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்க" என்பார். மதியச் சாப்பாடு நன்றாகவே இருந்தது. இரவு டிபன்தான் போகப்போகத் தேய்ந்தது. தோசை மாவு புளித்து மூக்கில் அடிக்கும், சட்னி தண்ணீராக ஓடும், ஒன்பது மணிக்குப் போனால் மதியச் சாம்பாரையே சூடுபடுத்தி ஊற்றுவார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி மூன்றாவது மாதத்துக்குப் பணம் கட்டினேன். 29-ஆம் தேதி தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பினேன். நவம்பர் 4-ஆம் தேதி திரும்பி வந்து பார்த்தால் கதவில் பூட்டு. ஒரு வாரம் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. மிச்ச நாட்களுக்கான 2,450 ரூபாயும் டெபாசிட்டும் போச்சு. கையில் ரசீது கிடையாது, நான் கேட்டதும் இல்லை. ஜிபேயில் பணம் போன கணக்கு மட்டும் இருந்தது, அதில்கூட எதற்கு என்று ஒரு வார்த்தை நான் எழுதியிருக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஊரில் கடைகளுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிற மாதங்களில் திறப்பார்கள், செமஸ்டர் லீவில் மூடுவார்கள் அல்லது பாதி ஆளை வைத்து ஓட்டுவார்கள். லீவு நாளில் சாப்பிட வருகிறவர்கள் குறைந்தால் குழம்பும் மாவும் கறியும் அடுத்த நாளைக்குத் தங்கும். அதே மாதிரி ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் சமயத்தில் ஊருக்குள் அடக்க முடியாத கூட்டம் வரும், அப்போது தட்டு கழுவ நேரமே இருக்காது. ஆகவே மெஸ்ஸுக்கு மாதப் பணம் மொத்தமாகக் கட்டாதீர்கள், வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஒத்துக்கொள்ளாத மெஸ் என்றால் டோக்கன் முறை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். லீவு நாளுக்குக் கழிவு உண்டா என்று கேட்டு, சொன்ன பதிலை அவர் நம்பருக்கே வாட்ஸாப்பில் "அண்ணா, இன்னைக்குப் பேசினபடி" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். மரியாதைக்குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள். சேர்வதற்கு முன்னால் நான்கைந்து இரவு காசு கொடுத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாட்டை வைத்து எந்த மெஸ்ஸையும் எடை போட முடியாது, இரவு ஒன்பது மணிக்கு என்ன போடுகிறார்கள் என்பதில்தான் அதன் குணம் தெரியும்.

மெஸ் மூடியதும் நான் கடை கடையாக அலைய ஆரம்பித்தேன். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை, தெருவெல்லாம் தண்ணீர். கையில் பணமும் குறைவு. 40 ரூபாய்க்கு என்ன கிடைக்குமோ அதைச் சாப்பிட்டேன். மழைக்கு ஒதுங்கின இடத்தில் பானிபூரி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடி, மதியம் மழை விட்டு வெயில் அடித்தால் ஐஸ் போட்ட ரோஸ்மில்க். அம்மா தினமும் போனில் "ஏட்டி, சாப்ட்டியா, என்ன சாப்ட்ட?" என்று கேட்பாள். மெஸ் மூடியதை நான் சொல்லவே இல்லை, பணம் போனது தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று "மெஸ்ல சோறும் ரசமும்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 27 காலையில் லேசான காய்ச்சல். மழையில் நனைந்ததுதான் காரணம் என்று பாராசிட்டமால் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று வீதம் போட்டேன். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. கீழ் வீட்டில் தாளிக்கிற வாசனை மேலே வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது இங்கே பேய் மழை, கரண்ட் இல்லை, கெட்டிலில் வெந்நீர்கூட வைக்க முடியவில்லை. இருட்டில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் பாட்டில் தண்ணீருமாகப் படுத்துக்கிடந்தேன். நான் செத்தால் எத்தனை நாள் கழித்துக் கதவைத் தட்டுவார்கள் என்று நிஜமாகவே யோசித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே சிறுநீர் கட்டஞ்சாயா, அதாவது பால் ஊற்றாத டீ நிறத்தில் போனது. தண்ணீர் சரியாகக் குடிக்காததால் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். டிசம்பர் 2-ஆம் தேதி வீட்டுக்கார அம்மா வாடகைக்காக மேலே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு" என்று கத்தினார். அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மாவுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபின் ரத்தத்தில் 1.2-க்குள் இருக்க வேண்டும், எனக்கு 9.8 இருந்தது. ஹெபடைடிஸ் ஏ, அதாவது அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவுகிற மஞ்சள் காமாலை. வாந்தி நிற்காததால் மூன்று நாள் டிரிப்ஸ். முதல் பரிசோதனைகளுக்கு 1,850, ஆஸ்பத்திரிக்கு 9,400, மருந்து 1,300, அப்புறம் ஊரில் திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு 1,600. தம்பி வந்து திருச்சி வரை கார் வைத்து, அங்கிருந்து ரயிலில் அழைத்துப்போனான், அந்தக் கார்ச் செலவும் டிக்கெட்டும் 4,500. பாராசிட்டமால் ஐந்து நாள் விழுங்கியதற்கு டாக்டர் நன்றாகத் திட்டினார், கல்லீரல் ஏற்கனவே வீங்கியிருக்கும்போது நீயே மாத்திரை போட்டு அதன் தலையில் சுமை ஏற்றினாய் என்றார். கீழாநெல்லி அரைத்துத் தரட்டுமா என்று அன்போடு கேட்டவர்கள் நிறைய. என்னைக் கேட்காமல் எதையும் குடிக்காதே என்றார் டாக்டர், நான் குடிக்கவில்லை. இதைக் கொல்லும் மருந்து என்று தனியாக எதுவும் இல்லையாம், ஓய்வும் சாப்பாடும்தான். தடுப்பூசி இருக்கிறது, ஊரைவிட்டு வெளியே தங்கிப் படிக்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் குடும்ப டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். காய்ச்சலோடு சாப்பாட்டு வாசனை பிடிக்காமல் போவதும் சிறுநீர் கறுப்பதும் சேர்ந்து வந்தால், கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நாட்களில் மற்றவர்களுக்கும் ஒட்டும், அதனால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், யாருக்கும் சாப்பாடு எடுத்துப் பரிமாறக் கூடாது.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு முந்தின வாரம் சாப்பிட்ட ஒரு பிரியாணிக் கடையை மனதார சபித்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் பெயரைக்கூடச் சொன்னேன். அவர்தான் விளக்கினார்: கிருமி உள்ளே போய் நோய் தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும், பெரும்பாலும் நான்கு வாரம். அப்படியென்றால் அந்தப் பிரியாணிக் கடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போனை எடுத்து ஜிபே கணக்கை அக்டோபர் முதல் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டீக்கடை, ஜூஸ் கடை, மெஸ், டிபன் கடை, திருச்சி பஸ் ஸ்டாண்டு, ஊரில் சித்தி வீட்டு விசேஷம் என்று 19 இடம் வந்தது, ரொக்கமாகக் கொடுத்தவை தனி. எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அழுகையாக வந்தது, கோபப்படக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று. அந்த மெஸ் மேல் எனக்குப் பணத்துக்காகக் கோபம் உண்டு. காமாலைக்காக அதைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்தக் கட்டுரையில் கடைப் பெயர் ஒன்றுகூட இல்லாததற்கு இதுதான் காரணம். அதோடு இங்கே கடைகள் கைமாறுவதும் மாஸ்டர் மாறுவதும் சகஜம், போன வருஷம் நல்ல கடை இந்த வருஷமும் அதே கடையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் திரும்பி வந்த பிறகு "எந்தக் கடை" என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கடையிலும் தண்ணீர் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கப் பழகினேன். முதல் விஷயம் சட்னி. இட்லி ஆவியில் வேகிறது, சாம்பார் கொதிக்கிறது, ஆனால் தேங்காய்ச் சட்னி பச்சைத் தண்ணீர் ஊற்றி அரைப்பது, அது கொதிப்பதே இல்லை. தெரியாத கடையில் நான் இப்போது சட்னி தொடுவதில்லை, சாம்பாரோ கொத்சுவோ மட்டும்தான். அடுத்தது மேஜையில் வைக்கிற சீரகத் தண்ணீர். நிறத்தைப் பார்த்து வெந்நீர் என்று நம்பிக் குடிப்போம். பல இடங்களில் கொதிக்க வைத்த நீரில் பாதியும், சூடு ஆறட்டும் என்று பிளாஸ்டிக் குடத்துப் பச்சைத் தண்ணீர் பாதியும் கலப்பார்கள். என் கண்ணாலேயே பார்த்தேன். பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவது எளிது, காலையில் கெட்டிலில் கொதிக்க வைத்து ஆறவிட்டால் நாள் முழுக்க வரும். வெங்காயப் பச்சடி, நறுக்கி வைத்த பழம், ஐஸ், மோர், பானிபூரித் தண்ணீர், இதெல்லாம் மழை மாதங்களில் வேண்டாம். கல்லில் இருந்து நேராக எடுத்துப் போடும் தோசையும் பரோட்டாவும், கொதிக்கும் சால்னாவும் அந்த வகையில் பயப்படத் தேவையில்லாதவை. வாழை இலை நல்லது, ஆனால் அதில் தெளிக்கிற தண்ணீர் உங்கள் பாட்டிலில் இருந்து இருக்கட்டும், தெளித்ததை வழித்து விடுங்கள்.

கை கழுவும் இடத்துக்குப் போகிற சாக்கில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். தட்டும் டம்ளரும் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் அலசப்படுகிறதா, ஒரே டப்பாவில் முக்கி எடுக்கப்படுகிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். கழிவறை பக்கத்தில் சோப்பு இல்லாத கடையில் பரிமாறுகிறவரும் சோப்புப் போட்டிருக்க மாட்டார். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய அளவுகோல். அப்புறம் நேரம். மதியம் ஒரு மணி, இரவு ஏழரை, கூட்டம் இருக்கும்போது போங்கள், செய்ததும் தீர்ந்துகொண்டே இருக்கும். இணையத்தில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் கடைசி இரண்டு மாதத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள், மே மாதத்திலும் டிசம்பர் லீவிலும் எழுதியதைக் குறிப்பாக. பார்சலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கொள்ளுங்கள், கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, இருந்தும் இன்னும் ஊற்றித் தருகிற கடைகள் உண்டு, நாம் தூக்கை நீட்டினால் மறுப்பதில்லை.

காசு விஷயத்தில் ஒன்று. பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம் போடுகிற கடையில் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். காம்போசிஷன் என்று ஜிஎஸ்டியில் சின்ன வியாபாரிகளுக்கு இருக்கும் எளிய திட்டத்தில் சேர்ந்த சின்ன ஹோட்டல்கள் நம்மிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. எண்ணே இல்லாத துண்டுச் சீட்டில் வரி எழுதியிருந்தால் அமைதியாகக் கேளுங்கள். நான் கேட்ட இரண்டு இடத்திலும் பேசாமல் கழித்துக்கொண்டார்கள். கடையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் மாட்டியிருக்க வேண்டும். கெட்டுப்போன சாப்பாடு போட்டால் சண்டை போட வேண்டாம், படம் எடுத்து, பில்லை வைத்துக்கொண்டு, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்புங்கள். தனியாகத் தங்கியிருக்கிற பெண்ணுக்குக் கல்லாவில் நின்று சத்தம் போடுவதைவிட இது எவ்வளவோ நிம்மதி.

ஜனவரியில் ஆருத்ரா கூட்டத்துக்கு நடுவில் திரும்பி வந்தேன். எண்ணெய் இல்லாமல் ஒரு மாதம் கஞ்சியும் இட்லியும். இப்போது காலையும் இரவும் அறையில் சமைக்கிறேன், மதியம் மட்டும் வெளியில். வாரம் ஒருமுறை கொத்சு கடைக்குப் போகிறேன். கடைக்காரப் பெரியவர் நான் மெலிந்து வந்ததைப் பார்த்து விசாரித்தார், விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை, மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் அடுப்பில் இருக்கிற பாத்திரத்தில் இருந்தே எடுத்து ஊற்றுகிறார். விடுபட்ட இரண்டு பேப்பரையும் அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுதி முடித்தேன், ஏழு பேப்பருக்கு ஒரே நேரத்தில் படித்த அந்த மே மாத வெயிலை மறக்க மாட்டேன்.

மெஸ் அண்ணனை மார்ச்சில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைத் தெரியாதது போல் திரும்பினார், நான் போய் எதிரில் நின்றேன். கையில் இருந்த 700 ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. இந்த ஜூலையில் அதே கட்டடத்தில் வேறு பெயரில் புதுப் பலகை மாட்டியிருந்தது, வேறு ஆள் நடத்துகிறார். வாசலில் கேரளத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போனில் ஸ்கேன் செய்து மாதப் பணம் கட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். புது ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் நான் பக்கத்தில் போய், "முதல்ல ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கம்மா, இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துட்டு" என்றேன். உள்ளே கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்தார், "அதுவும் சரிதாம்மா, வாரக் கணக்கே எழுதிக்கிறேன்" என்று நோட்டை எடுத்தார்.